காலி மனை

திருச்சானூர்
14-5-1959

சௌபாக்கியவதி தாட்சாயணிக்குத் தணிகாசலம் எழுதிக்கொண்டது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பொன்னியும் அப்படியே இருப்பதற்கு இந்த ஊர்க் கோயில் தாயார் பார்த்துக்கொள்வாள்.

மனை நேற்று ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. உன் நைனா உனக்குக் கொடுத்த கேணிக்கழனியை விற்றபோது நீ இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தக் கழனி எங்கும் போகவில்லை, திருச்சானூருக்கு வந்து மனையாக நிற்கிறது என்று நினைத்துக்கொள். முன்பக்கம் நமக்கு வீடு, பின்பக்கம் யாத்ரீகர்களுக்கு ஆறு அறை. லாட்ஜு வேலையை மூன்று வருஷமாகப் பார்த்துப் பழகியவன்தானே நான். இன்னொருத்தர் லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கினு இருப்பது இந்த வருஷத்தோடு போதும்.

கட்டடப் பர்மிஷனுக்கு அடுத்த வாரம் மனு கொடுக்கிறேன். ஐப்பசிக்குள் உங்கள் இருவரையும் கூட்டிவந்துவிடுவேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் என் நமஸ்காரத்தைச் சொல். பொன்னிக்கு முத்தம்.

தணிகாசலம்


எருக்கமேடு, சத்தியவேடு வழி
3-6-1959

மாமாவுக்குத் தாட்சாயணியின் நமஸ்காரங்கள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பொன்னிக்கு வேர்க்குரு வந்து இப்போது அடங்கிவிட்டது. உங்கள் உடம்பைப் பற்றி ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறீர்கள். வயிற்று வலி எப்படி இருக்கிறது?

மனை வாங்கியதைக் கேட்டுச் சந்தோஷம். எந்தப் பக்கம் பார்த்த மனை? கிணறு வெட்டினால் தண்ணீர் வருமா? மரம் ஏதாவது இருக்கிறதா? அக்கம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? எழுதினால் நான் மனசிலேயே அடுப்பு எங்கே, வாசல் எங்கே என்று வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

இங்கே சொல்லக்கூடாதென்று பார்த்தேன். கழனி போனதிலிருந்து உங்கள் அண்ணி சந்திரம்மா அக்கா நெல் குதிர்க் கதவை அவர்களே திறக்கிறார்கள். நேற்று நான் அரிசி அளக்கும்போது, "உனுக்குன்னு இனிமே ஒரு கழனியும் இல்லம்மா, பாத்து அள" என்றார்கள். உங்கள் அண்ணன் அங்கேதான் உட்கார்ந்து சோறு துன்னுகினு இருந்தார். தலையைத் தூக்கவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

தாட்சாயணி


திருச்சானூர்
11-7-1959

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு ஆசீர்வாதம். என் வயிறு நன்றாக இருக்கிறது. வெந்நீர்தான் குடிக்கிறேன். பொன்னி பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாளா?

பர்மிஷன் என்பது ஒரு காகிதம் என்று நினைத்தேன். ஆறு காகிதம். பிளானை ஓவர்சீயர் பார்க்கவேண்டும். மனையைச் சர்வேயர் அளக்கவேண்டும். சாக்கடை எங்கே போகும் என்று ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து நின்று பார்க்கவேண்டும். கர்ணம் நிலம் யாருடையதென்று எழுதவேண்டும். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருமுறை வந்து பார்த்த பிறகு தாசில்தார். ஒருத்தர் இருக்கும்போது இன்னொருத்தர் கேம்ப் போய்விடுகிறார். போனால் "ரேப்பு ரண்டி" என்கிறார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். நான் நாளைக்கும் போகிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கட்டு கட்டாகக் காகிதம், ஆள் இரண்டு பேர்.

மனையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. கிழக்குப் பார்த்த மனை.

அண்ணி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. கொஞ்ச நாள்தான்.

தணிகாசலம்


எருக்கமேடு
20-8-1959

மாமாவுக்கு நமஸ்காரம். பொன்னி ஒழுங்காகப் போகிறாள். போன வாரம் எனக்குத்தான் காய்ச்சல். இப்போது தேவலை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஆபீசுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டு, மனையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். வேப்பமரத்தைத் தவிர அங்கே வேறு ஒன்றுமே இல்லையா?

இங்கே ஊர் முழுக்க ஒரே பேச்சு. நம் பக்கம் எல்லாம் ஆந்திராவுக்குப் போகப்போகிறதாம், திருத்தணிப் பக்கம் மெட்ராசுக்கு வரப்போகிறதாம். ஜீப்பில் ஆட்கள் வந்து ஏரிக்கரையில் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொன்னி, "நைனா ஊரும் நம்ம ஊரும் ஒண்ணாப் பூடுமா?" என்று கேட்கிறாள். எனக்கு ராஜ்ஜியம் எதுவானாலும் சரி. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகினு இருக்கிறேன். பெட்டியில் இருக்கும் புடவைகளை எடுத்து மடித்து மறுபடியும் வைக்கிறேன். ஐப்பசி என்றீர்கள். ஆவணி பிறந்துவிட்டது.

தாட்சாயணி


திருச்சானூர்
26-9-1959

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு. காய்ச்சல் விட்டதா? கஷாயம் வைத்துக் குடி.

நம் ஊர் இன்னும் மெட்ராஸ் ராஜ்ஜியத்தில் இருப்பதால் அங்கிருந்து ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும் என்கிறார்கள். ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அது வேண்டியிருக்காது. ஆகையால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். புரட்டாசிக் கூட்டம், லாட்ஜில் நிற்க நேரமில்லை. அதிகம் எழுதவில்லை.

தணிகாசலம்


எருக்கமேடு
5-11-1959

மாமாவுக்குத் தாட்சாயணி எழுதுவது. நாங்கள் உயிரோடு நலமாக இருக்கிறோம். உங்கள் நலத்தை உங்கள் கடிதத்தில் தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கும் வரவில்லை. பொன்னி சாயங்காலம் வரைக்கும் புதுப்பாவாடையோடு பஸ் நிற்கும் இடத்திலேயே இருந்தாள். சரி, அதை விடுங்கள். இரண்டு விஷயம் கேட்கிறேன். இரண்டுக்கும் பதில் வேண்டும்.

சத்தியவேட்டு ஜவுளிக்கடை வெங்கடசாமி திருப்பதியில் கடை கட்டுகிறார் அல்லவா? நேற்று இங்கே வந்திருந்தார். பர்மிஷனுக்கு அலைச்சலா என்று கேட்டேன். "அலைச்சலா? அதெல்லாம் ஆடி மாசத்தோட போச்சு. இப்ப ஒரே தாளும்மா. நம்ம மனை இன்னது, கட்டறது இன்னதுன்னு நாமளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா போதும். யாரும் வந்து பாக்கறதில்ல. எனக்குப் பதினஞ்சு நாள்ல வந்துட்சி" என்றார். அக்காவும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவருக்கு ஒரே தாள், உங்களுக்கு மட்டும் ஏன் ஆறு?

இரண்டாவது. மாடு வாங்கப் போன நம் ஊர்ப் பாலையா உங்களைப் புத்தூரில் பார்த்தானாம். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுகிறவர் வீட்டு வாசலில் ஒரு பொம்பளையோடு நின்றுகினு இருந்தீர்களாம். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்களாம். புத்தூர் வரைக்கும் வந்த கால் எருக்கமேட்டுக்கு வரவில்லை. அவள் யார்?

தாட்சாயணி


திருச்சானூர்
17-11-1959

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு ஆசீர்வாதம். நான் சௌக்கியம். நீ என்னைத் தப்பாக நினைக்கவேண்டாம்.

ஏகாம்பரம் என்று ஒரு சித்தாள். குடிபாலாப் பக்கத்து ஆள். சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. தூக்கிப்போக ஆளில்லாமல் புத்தூருக்கு நான் கூட்டிப்போனேன். பாலையா பார்த்தது அவன் பெண்சாதி. அவனை உள்ளே படுக்கவைத்திருந்தார்கள். மறுநாள் லாட்ஜில் நான் இருக்கவேண்டியிருந்ததால் இரவே திரும்பிவிட்டேன். பொன்னி நின்றதைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே தாள் என்று வெங்கடசாமி சொன்னது மெய்தான். நல்ல ஏற்பாடுதான். ஜனங்களுக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் நம் மனைக்கு அது இப்போது சரிப்படாது. நேரில் சொல்கிறேன்.

தாயார் கோயில் குளத்துப் பஞ்சமி தீர்த்தத்துக்கு நம் ஊரிலிருந்து பஸ் வைக்கிறார்கள் என்று கேள்வி. நீ வராதே. கூட்டம் நெரியும். காலரா ஊசி போடாமல் உள்ளே விடமாட்டார்கள். குழந்தைக்கு ஆகாது.

தணிகாசலம்


எருக்கமேடு
10-12-1959

மாமாவுக்கு.

நலம் விசாரிக்கத் தோன்றவில்லை. உங்களைத் தூரத்திலிருந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறீர்கள். இளைத்திருக்கிறீர்கள்.

பொன்னியை அக்காவிடம் விட்டுவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, பஞ்சமிக்கு வந்தேன். குளத்தில் முழுகினேன். நம் பர்மிஷன் சீக்கிரம் கிடைக்கவேண்டும் என்று தாயாரை வேண்டிக்கொண்டேன். ஈரத்தலையோடு உங்கள் லாட்ஜுப் பக்கம் வந்தேன். நீங்கள் வாசலில் யாருக்கோ அறை காட்டிக்கினு இருந்தீர்கள். உள்ளே வரவில்லை. முதலில் என் மனையைப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. பெட்டிக்கடையில் உங்கள் பேரைச் சொல்லிக் கேட்டேன். வழி காட்ட ஆள் வேண்டாம், நேரே போ, வேப்பமரம் தெரியும் என்றார்கள்.

தெரிந்தது. மரத்துக்குப் பின்னால் குடிசையும் தெரிந்தது. கூரை மேல் சுரைக்கொடி. வாசலில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு ஆள். அவள் மண் பிசைந்து சுவருக்குப் பூசிக்கினு இருந்தாள். பாலையா சொன்ன பொம்பளை இவள்தான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கிழிந்த புடவையும் வெடித்த கையுமாக இருந்தாள். அவளை நினைத்தா நான் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

நான் யாரென்று சொல்லவில்லை. தீர்த்தத்துக்கு வந்தவள், தாகம் என்றேன். அவள் உடனே தரவில்லை. "எங்க வூட்டுத் தண்ணி குடிப்பியாம்மா?" என்று கேட்டாள். குடித்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

பேர் மணியம்மாவாம். பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறார்களாம். மனையின் பழைய சொந்தக்காரர் செங்கல் அடுக்கி வைத்திருந்தபோது காவலுக்கு வைத்தாராம். செங்கல் போய்விட்டது, இவர்கள் இருந்துவிட்டார்கள். அந்த வேப்பமரம் அவள் வைத்ததாம்.

"இப்ப இது ஒரு அய்யாவோட எடம்மா" என்றாள். "நல்ல மனுசன். இவரு கால் ஒடைஞ்சப்ப அவருதான் புத்தூருக்கு இட்டுக்கினு போனாரு. வூடு கட்டப் போறாராம். கெவர்மெண்டுல இருந்து ஏதோ காயிதம் வரணுமாம். அது வர்ற வரைக்கும் இருங்கன்னுட்டாரு."

"வந்துட்டா?" என்று கேட்டேன்.

அவள் கையில் இருந்த மண்ணைப் பார்த்தாள். "அதான்மா, இன்னிக்கி விடியக்காலம் நானும் கொளத்துல முழுவுனேன். அந்தக் காயிதம் வரவே கூடாது தாயேன்னு வேண்டிக்கினேன். நல்ல மனுசனுக்குக் கெடுதல் வேண்டிக்கிறமேன்னு அழுகையும் வந்துட்சி."

அதே குளம், அதே தாயார். தாயார்தான் என்ன செய்வாள் சொல்லுங்கள்.

அப்புறம் உங்களிடம் வரவில்லை. வந்திருந்தால் யாத்ரீகர்கள் முன்னால் சண்டை போட்டிருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உங்கள் மேல் கோபம். மனையில் குடி இருக்கிறது என்று ஒரு வரி எழுத உங்களுக்கு ஏழு மாதம் போதவில்லை. நான் என்ன அவர்களை அடித்துத் துரத்துங்கள் என்றா எழுதப்போகிறேன்? ஆமாம், ஒருவேளை எழுதியிருப்பேன். பார்க்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்துதான் மறைத்தீர்களா?

தாட்சாயணி


திருச்சானூர்
19-12-1959

தாட்சாயணிக்கு. பஞ்சமியன்று நீ இவ்வளவு அருகில் நின்றாய் என்று படித்ததிலிருந்து, வாசலில் யார் வந்து நின்றாலும் எழுந்து எழுந்து பார்க்கிறேன். உடம்பு சுகம்தான். மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

விற்றவர் அது காவல் குடிசை, ஒரு வார்த்தை சொன்னால் காலி செய்துவிடுவார்கள் என்றார். நம்பினேன். ரிஜிஸ்தர் முடிந்து சொல்லப் போனால், மணியம்மா எனக்குப் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். சொல்லாமல் வந்தேன். மறுபடி போனபோது ஏகாம்பரம் வேலைக்குப் போயிருந்தான். அப்புறம் அவன் கால் ஒடிந்தது. ஆறு ஆபீசுக்கு அலைந்த காலத்தில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று உனக்கும் சொல்லலாம், அவர்களுக்கும் சொல்லலாம். ஒரே தாள் என்று ஆனதும் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போய்விட்டது.

அந்தத் தாளில் ஒரு வரி இருக்கிறது. 'மேற்படி மனை காலி மனை, யாரும் குடியிருக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன்.' அதன் கீழே கையெழுத்து. ஆபீசில் இருக்கும் ஜெயச்சந்திரன் என்ற குமாஸ்தா, "சந்தகம் பெட்டண்டி, கையெழுத்துப் போடுங்க சார், பத்து நிமிஷம்" என்று பேனாவைக் கொடுத்தார். பேனாவில் மை இல்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். மை இருந்தது.

உன் கழனி போனதற்கு நான்தான் காரணம். நீ அங்கே படுவதும் என்னால்தான். அதனால் நீ சொல். அவர்களை வேறு எங்காவது போகச் சொல்லி, கையில் ஏதாவது கொடுத்து அனுப்பிவிடலாம். அல்லது அறை பெருக்க, தண்ணீர் இறைக்க அவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருக்கவிடலாம். எதுவானாலும் செய்கிறேன். பொன்னி என்னைப் பற்றிக் கேட்கிறாளா?

தணிகாசலம்


எருக்கமேடு
6-1-1960

மாமாவுக்கு நமஸ்காரம். பொன்னி கேட்கிறாள். தினமும் கேட்கிறாள். எனக்கு உடம்பு ஒன்றுமில்லை.

உங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இதை நான் சந்தோஷமாக எழுதவில்லை. மனசார எழுதுகிறேன் என்றும் சொல்லமாட்டேன். ஆறு அறை என்று நான் எண்ணி வைத்திருந்தேன்.

வேலைக்கு வைத்துக்கொண்டு மூலையில் இருக்கவிடலாம் என்கிறீர்கள். நாளைக்கு நமக்கோ அவர்களுக்கோ ஒரு கோபம் வந்தால்? ஒருத்தர் வீட்டு மூலையில் அவர்கள் தயவில் இருப்பது எப்படியென்று எனக்கு இங்கே தெரியும். மரம் இருக்கும் பின்பக்கத்தை அளந்து, அவர்கள் பேருக்கே எழுதிக்கொடுத்துவிடுங்கள். மீதியில் நாலு அறை வரும் அல்லவா? நாலு போதும். கழனி என்னுடையது, அதனால் இதை நான் சொல்லலாம்.

அந்த ஒரே தாள் வேண்டாம். வெங்கடசாமிக்குச் சரி, அவர் மனை காலி. நம் மனையில் ஆள் இருக்கிறது. பழைய வழியிலேயே மனு கொடுங்கள். சர்வேயர் வரட்டும், இன்ஸ்பெக்டர் வரட்டும், வந்து நின்று குடிசையைப் பார்த்துக் காகிதத்தில் எழுதட்டும். ஆறு இடம் அலைய வேண்டுமானால் அலையுங்கள்.

எத்தனை மாதமானாலும் ஆகட்டும், நான் அதுவரை இங்கே இருக்கமாட்டேன். மாசிக்குள் ஒரு அறை வாடகைக்குப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே என்றாலும் சரிதான். மணியம்மாவிடம் தண்ணீர் கேட்டவள் யாரென்று நீங்கள் சொல்லவேண்டாம். வந்து நானே சொல்கிறேன்.

தாட்சாயணி


திருச்சானூர்
22-2-1960

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு ஆசீர்வாதம். எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன், கேட்காதே.

சனிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மனைக்கு வந்தார். வயசானவர். "ஒரே தாள்ல முடிஞ்சிருக்குமே அய்யா, எதுக்கு எங்களை வெயில்ல இழுத்துக்கினு வர்றீங்க?" என்று கேட்டார். என் பெண்சாதி நீங்கள் நேரில் பார்க்கவேண்டும் என்கிறாள் என்றேன். சிரித்துவிட்டார். பிறகு சுற்றிப் பார்த்து, குடிசையைப் படத்தில் போட்டு, பாகம் பிரிக்கச் சிபாரிசு செய்கிறேன் என்று எழுதினார்.

சர்வேயர் அளவுச் சங்கிலி இழுத்தபோது ஏகாம்பரம் காலி செய்யத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, நொண்டிக்கொண்டே பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. இன்ஸ்பெக்டர் தெலுங்கில் ஒருமுறை சொன்னார். அப்புறமும் நம்பவில்லை. மணியம்மா மட்டும் பாத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனாள்.

தாசில்தார் உத்தரவு வர இன்னும் மூன்று நாலு மாதம் ஆகுமாம். ஊர் மாறும் வேலை வேறு அவர்கள் தலையில். குளத்துத் தெருவில் ஒரே ஒரு அறை பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் ஒரு பக்கம் ஒழுகும். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிப்போகிறேன். அண்ணனிடம் என்ன சொல்வதென்றுதான் யோசனையாக இருக்கிறது.

தணிகாசலம்


எருக்கமேடு
25-2-1960

மாமாவுக்கு. எல்லாரும் சுகம். சீக்கிரமாக எழுதுகிறேன், தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உங்கள் அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். "உன் இஷ்டம்மா" என்றார், அவ்வளவுதான். ஆனால் எழுந்து போகும்போது, ஒரு மூட்டை நெல் கட்டி வைக்கச் சொல்லி ஆளிடம் சொல்லியிருக்கிறார். அக்காதான் என்னைக் கேள்வி கேட்காமல் விடவில்லை. "வூடு கட்டி முடிஞ்சிட்சா?" என்று கேட்டார்கள்.

"இல்ல" என்றேன்.

"காயிதமாவது வந்துட்சா?"

"அதுவும் இல்ல."

"வூடே இல்லாத ஊருக்கு எதுக்குப் போற?"

"வூட்டுக்காரரு அங்க இருக்காரே" என்றேன்.

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வாருங்கள்.

தாட்சாயணி